இயக்குநரின் கமெண்டரி ஒரு விவாதத்தை முடித்து வைக்குமா?

மூன்றாம்வரிசை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து படம் பார்ப்பதும், பார்த்து முடித்ததும் விடிய விடியப் பேசுவதும் எங்களுக்கு நெடுநாள் வழக்கம். அப்படிப் பேசிய படங்களில் 11 ஆண்டுகளாக எங்களை விடாமல் பிடித்து வைத்திருப்பது 1982இல் வெளியான 'பிளேடு ரன்னர்'. தப்பி வந்த செயற்கை மனிதர்களைத் தேடிப் பிடித்துக் கொல்வதையே தொழிலாகக் கொண்ட டெக்கார்ட், தாய் வயிற்றில் பிறந்தவனா, அல்லது அவனும் அவர்களைப் போலச் செய்யப்பட்டவன்தானா என்ற கேள்வியில் எங்களில் மூவர் ஒரு பக்கம், இருவர் மறுபக்கம். அவன் மனிதன் என்று நம்பும் இருவரில் நான் ஒருவன்.

இந்தப் படம் ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்களில் வெளிவந்திருக்கிறது. சென்ற மாதம் எங்களில் ஒருவர் 2007ஆம் ஆண்டின் இறுதி வடிவத்தை வட்டாக வாங்கி வந்தார். அதில் இயக்குநர் ரிட்லி ஸ்காட் தனியாகப் பேசியிருக்கும் கமெண்டரி இருக்கிறது. டெக்கார்ட் செயற்கை மனிதன் என்பதே ஸ்காட்டின் கருத்து என்று பேட்டிகள் வழியாக முன்பே அறிந்திருந்தோம். ஆனாலும் படம் ஓடிக்கொண்டிருக்கும்போது, அந்தந்தக் காட்சியின் மேலேயே, அதை எடுத்தவரின் குரல் ஒலிப்பதைக் கேட்பது வேறு அனுபவம். கேட்டு முடித்ததும் நண்பர் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, "எடுத்தவரே பேசிவிட்டார், இனி நாம் பேச என்ன இருக்கிறது?" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. அன்று வழக்கத்தைவிட வெகு முன்னதாகவே கலைந்துவிட்டோம்.

அந்த மௌனம் இன்னும் என்னை உறுத்துகிறது. டெக்கார்டின் வீட்டில் அவனும், செயற்கைப் பெண்ணான ரேச்சலும் பேசும் காட்சி உங்களுக்கு நினைவிருக்கும். ரேச்சல் முன்னால் தெளிவாகத் தெரிய, டெக்கார்ட் அவளுக்குப் பின்னால் ஃபோகஸுக்கு வெளியே மங்கலாக நிற்கிறான். ஒரு கணம் அவன் கண்களில் செம்மஞ்சள் நிறத்தில் ஒளி மின்னி மறைகிறது; படத்தில் செயற்கை ஆந்தையின் கண்ணிலும் ரேச்சலின் கண்ணிலும் நாம் பார்த்த அதே ஒளி. எங்கள் ஐவரில் அதை முதலில் கண்டுபிடித்தவன் நான். என் கட்சிக்கு எதிரான சான்று என்று தெரிந்தும், படத்தை நிறுத்தி, எழுந்து சென்று, திரையில் விரல் வைத்துக் காட்டினேன். அதன் பிறகு அந்த ஒரு மின்னலைப் பற்றி மட்டும் எத்தனையோ இரவுகள் பேசியிருக்கிறோம். இயக்குநரின் ஒரு சொல்லால் அந்தப் பேச்சுகள் எல்லாம் விடை தெரியாதவர்களின் வீண் முயற்சி ஆகிவிடுமா?

படைத்தவர் தம் கருத்தைச் சொல்லிவிட்டால் பார்வையாளரின் வாசிப்புக்கு இடமே இல்லையா என்பது என் முதல் கேள்வி. கமெண்டரியை எப்போது, எப்படிக் கேட்பது நல்லது என்பது இரண்டாவது. நிறையக் கேட்டவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஒலித்தடம் எழுதியது:

வணக்கம் மூன்றாம்வரிசை. நான் உங்கள் நண்பரின் பக்கம் நின்று பேசுகிறேன். உங்களைப் புண்படுத்துவது என் நோக்கம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கமெண்டரி என்ற வடிவமே, படத்தைப் பற்றிய அறிவு பார்வையாளரிடம் போய்ச் சேர வேண்டும் என்ற ஆசையில் பிறந்தது. 1984இல் கிரைட்டீரியன் நிறுவனம் 1933ஆம் ஆண்டின் 'கிங் காங்' படத்தை லேசர் டிஸ்க்காக வெளியிட்டபோது, அந்த வட்டில் இன்னொரு ஒலித்தடத்துக்கு இடம் இருப்பதைப் பயன்படுத்தி, திரைப்பட வரலாற்று அறிஞர் ரொனால்டு ஹேவரைப் படம் நெடுகப் பேச வைத்தது. இன்று நாம் அறிந்த கமெண்டரிக்கு அதுதான் தொடக்கம். பின்னர் டிவிடி வந்தபோது ஒரே வட்டில் எட்டு ஒலித்தடங்கள் வரை வைக்க முடிந்ததால், இயக்குநர் ஒரு தடத்திலும் நடிகர்கள் ஒரு தடத்திலும் கலை இயக்கப் பிரிவினர் இன்னொரு தடத்திலும் பேசும் வழக்கம் பரவியது. இத்தனை பாடுபட்டுப் பதிந்து வைத்திருப்பதைக் கேட்டுவிட்டு, 'அது அவர் கருத்து, இது என் கருத்து' என்று ஒதுக்கிவிட்டுப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை.

உங்கள் படத்திலிருந்தே ஓர் எடுத்துக்காட்டு. 1982 வடிவத்தில், தப்பி வந்தவர்கள் ஆறு பேர் என்றும் அவர்களில் ஒருவர் மின்புலத்தில் சிக்கி இறந்தார் என்றும் காவல் அதிகாரி பிரையன்ட் சொல்கிறார். மீதி ஐந்து பேர் இருக்க வேண்டும். ஆனால் படத்தில் வருபவர்கள் ராய், லியோன், ஜோரா, பிரிஸ் என்று நால்வர்தான். அந்த ஒருவர் எங்கே போனார்? டெக்கார்டுதான் அவர், நினைவை அழித்துக் காவல்துறை அவரையே வேட்டைக்கு அனுப்பியிருக்கிறது என்று ரசிகர்கள் பல ஆண்டுகள் வாதாடினார்கள். உண்மையில் நடந்தது என்ன? திரைக்கதையில் மேரி என்று இன்னொரு பாத்திரம் இருந்தது. படப்பிடிப்பில் அந்தப் பாத்திரத்தை விட்டுவிட்டார்கள். எண்ணிக்கையைச் சொல்லும் வசனம் மட்டும் திருத்தப்படாமல் தங்கிவிட்டது. 2007 வடிவத்தில் இறந்தவர்கள் இருவர் என்று வசனத்தை மாற்றிக் கணக்கைச் சரிசெய்தார்கள். படம் எடுத்தவர்கள் வாய் திறந்து சொல்லியிராவிட்டால் இன்றும் ஒரு திருத்தப் பிழையின் மேல் கோட்டை கட்டிக்கொண்டிருப்போம். இப்படி ஒரு கேள்வியில் படைத்தவர் சொல்லே முடிவு என்றால், டெக்கார்டைப் பற்றிய கேள்வியில் மட்டும் ஏன் கூடாது?

உரைவழி எழுதியது:

ஒலித்தடம் அவர்களே, ஆறு பேர் கணக்கை எடுத்துக்காட்டியது நல்லதாயிற்று. நாம் பிரிய வேண்டிய இடம் அதுதான். மேரி என்ற பாத்திரம் கைவிடப்பட்டது நடந்த ஒரு செய்தி. டெக்கார்ட் யார் என்பதோ படத்துக்குப் பொருள் சொல்லும் செயல். நடந்ததைச் சொல்ல நேரில் இருந்தவருக்கு உரிமை உண்டு. பொருள் சொல்லும் உரிமையும் அவருக்கு மட்டும்தான் என்று எங்கே எழுதியிருக்கிறது?

உரை என்பது நமக்குப் புதிதல்ல. திருக்குறளுக்குப் பழைய உரைகள் பத்து என்பார்கள். அவற்றில் மணக்குடவர், பரிப்பெருமாள், பரிதியார், காலிங்கர், பரிமேலழகர் ஆகிய ஐவரின் உரைகள் இன்று நம் கையில் இருக்கின்றன. வள்ளுவர் தம் நூலுக்கு உரை எழுதி வைக்கவில்லை. பல்லக்கைச் சுமப்பவனையும் அதில் ஏறிச் செல்பவனையும் காட்டும் குறளை எடுத்துக்கொள்ளுங்கள். அறத்தின் பயன் இது என்று நூலால் உணர்த்த வேண்டியதில்லை, அந்த இருவரையும் கண்ணால் பார்த்தாலே விளங்கும் என்கிறார் பரிமேலழகர். பின்வந்தவர்கள் பலர், இருவரையும் காட்டி 'இதுதான் அறத்தின் வழி' என்று சொல்லாதே என்று வள்ளுவர் தடுக்கிறார் எனப் பொருள் கொண்டார்கள். குறளின் சொற்களில் மாற்றம் இல்லை. பொருளோ நேர் எதிர். இரண்டில் எது பொருந்தும் என்று முடிவு செய்ய நாம் வள்ளுவரை எழுப்பிக் கேட்பதில்லை. குறளின் சொற்களிடம்தான் திரும்பிப் போகிறோம்.

அதற்காக எந்த உரையும் செல்லும் என்று சொல்லவில்லை. நச்சினார்க்கினியர் பத்துப்பாட்டில் தொலைவில் கிடக்கும் அடிகளை மாட்டு என்ற முறையால் கொண்டுவந்து இணைத்துப் பொருள் சொன்னார். பாட்டின் இயல்பான ஓட்டத்தை அது குலைக்கிறது என்று மறைமலையடிகள் முல்லைப்பாட்டு ஆராய்ச்சியில் மறுத்தார். உரையாசிரியர் எவ்வளவு பெரியவரானாலும் பாட்டு இடம் கொடுக்கும் அளவுக்குத்தான் உரை செல்லும் என்பதே அந்த மறுப்பின் அடிப்படை. அந்த அளவுகோலை இயக்குநருக்கும் வைக்கலாம் என்பது என் உறுதியான எண்ணம். தம் படத்துக்கு உரை சொல்ல உட்காரும்போது அவரும் ஓர் உரையாசிரியர்தான். மற்றவர்களைவிட அதிகம் தெரிந்தவர், அவ்வளவே. அமெரிக்கத் திறனாய்வாளர்கள் விம்சாட்டும் பியர்ட்ஸ்லியும் 1946இல் எழுதிய ஒரு கட்டுரையில், படைப்பாளியின் உள்நோக்கத்தை வைத்துப் படைப்பை மதிப்பிடுவது பிழை என்று வாதிட்டார்கள். அவர்கள் போன எல்லை வரை நான் போகவில்லை. நோக்கத்தைத் தெரிந்துகொள்வதில் எனக்கு விருப்பம் உண்டு. நோக்கம் நிறைவேறியிருக்கிறதா என்பதைத் திரைதான் காட்ட வேண்டும் என்கிறேன்.

இன்னொன்று. திரைப்படத்தில் 'படைத்தவர்' என்று யாரைச் சொல்வது? அதே படத்தில் ராய் மழையில் நனைந்தபடி இறக்கும் முன் பேசும் பேச்சைத் திரைக்கதையில் இருந்ததிலிருந்து சுருக்கி, கண்ணீர் மழையில் கரைவது போல என்ற அந்த உவமையைச் சேர்த்தவர் நடிகர் ரட்கர் ஹவுவர். படத்தில் பலரும் மறக்காமல் வைத்திருக்கும் வரி அது. டெக்கார்டாக நடித்த ஹாரிசன் ஃபோர்டோ, பார்வையாளர் பற்றிக்கொள்ளத் திரையில் ஒரு மனிதனாவது வேண்டும் என்று எண்ணி, அவனை மனிதனாகவே நடித்தார். நாம் திரையில் காணும் முகமும் தயக்கமும் அந்த நடிகருடையவை. அவர் ஒரு கமெண்டரி பேசி 'நான் மனிதனாகத்தான் நடித்தேன்' என்று சொன்னால், உங்கள் நண்பர் ரிமோட்டை எந்தப் பக்கம் வைப்பார்?

வெட்டுமேசை எழுதியது:

நான் படத்தொகுப்பு வேலை செய்பவன். கமெண்டரிகளை விரும்பிக் கேட்பவன். ஆகவே இரு பக்கத்தார் சொல்வதும் எனக்குப் புரிகிறது. இதுவரை யாரும் தொடாத ஒன்றைச் சொல்ல வேண்டும்: படம் எடுத்தவர்களின் நினைவு.

சில ஆண்டுகளுக்கு முன் நான் தொகுத்த ஒரு குறும்படத்தின் திரையிடலில், ஒரு பெண்ணின் முகத்திலிருந்து ஏன் அவ்வளவு சீக்கிரம் வெட்டினீர்கள் என்று ஒருவர் கேட்டார். அவள் அழப்போகிறாள் என்று தெரிந்த நொடியிலேயே ஷாட் முடிந்துவிடும். அந்த அழுகையைப் பார்வையாளர் தம் மனத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்தேன் என்று முழு நம்பிக்கையோடு பதில் சொன்னேன். அதற்கு வெகு நாள் கழித்து, வேறு எதையோ தேடும்போது அந்தப் படத்தின் குறிப்பேடு கையில் கிடைத்தது. என் கையெழுத்திலேயே, அந்த ஷாட்டின் கடைசி இரண்டு நொடிகளில் மைக் கோல் சட்டகத்தின் மேல் விளிம்பில் இறங்கிவிட்டது, பயன்படுத்த முடியாது, வேறு டேக் இல்லை என்று எழுதியிருந்தது. நான் மேடையில் பொய் சொல்லவில்லை. அந்த வெட்டைப் பலரும் பாராட்டப் பாராட்ட, அதற்கு ஒரு காரணம் என் மனத்தில் தானாக வளர்ந்து, நடந்ததை மூடிவிட்டிருந்தது. படம் முடிந்து பத்து, இருபது ஆண்டுகள் கழித்து ஒலிப்பதிவு அறையில் உட்கார்ந்து பேசும் எவருக்கும் இது நேரக்கூடும். அன்றிலிருந்து கமெண்டரியில் 'நான் அப்போது நினைத்தது' என்று தொடங்கும் வாக்கியத்தைக் கூடுதல் கவனத்தோடு கேட்கிறேன்.

அதே நேரம், அந்த வெட்டில் பார்வையாளர் உணர்ந்தது மைக் கோலால் பொய்யாகிவிடவில்லை. அழுகை அங்கே இல்லை, அதன் இன்மையை அவர்கள் உணர்ந்தார்கள். அது திரையில் உண்மையாகவே இருக்கிறது. 1967இல் வந்த 'இன் கோல்டு பிளட்' படத்தில், தூக்குக்குப் போகும் முன் ஒருவன் ஜன்னலருகே நின்று தன் தந்தையைப் பற்றிப் பேசுவான். வெளியே மழை. கண்ணாடியில் வழியும் நீரின் நிழல் அவன் முகத்தில் விழுந்து, அழாத அந்த முகத்தில் கண்ணீர் ஓடுவது போலத் தெரியும். ஒளிப்பதிவாளர் கான்ராட் ஹால், ஒளி அமைக்கும்போது தற்செயலாகக் கண்ணில் பட்டது அது என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். தற்செயலாக வந்ததாலேயே அந்த முகத்துக்குப் பொருள் இல்லை என்று யாராவது சொல்வார்களா? கண்ணில் பட்டதும் அதன் பெருமையை உணர்ந்து வைத்துக்கொண்டதுதான் அவருடைய கலை.

கமெண்டரி எனக்கு உண்மையாக உதவுவது 'எப்படிச் செய்தோம்' என்ற இடத்தில். 'சிட்டிசன் கேன்' படத்தில் நாயகன் கேனின் மனைவி சூசன் நஞ்சு குடித்துக் கிடக்கும் ஷாட்டைப் பாருங்கள். முன்னால் மிகப் பெரியதாகக் கண்ணாடித் தம்ளரும் மருந்துப் புட்டியும், நடுவே இருளில் படுக்கையில் சூசன், வெகு பின்னால் கேன் இடிக்கும் கதவு. மூன்றையும் ஒரே சட்டகத்தில், ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் காட்டியது என்று கருதி பிரெஞ்சுத் திறனாய்வாளர் ஆந்த்ரே பாசான் அந்த ஷாட்டைக் கொண்டாடி எழுதினார். அதைச் செய்த விதம் வேறு என்று பின்னால் தெரியவந்தது. முதலில் பின்னணியை இருட்டாக்கி முன்னால் இருக்கும் தம்ளரை மட்டும் படம் பிடித்து, பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, முன்பகுதியை இருட்டாக்கிப் பின்னணியை அதே பிலிமில் மீண்டும் பதிந்திருக்கிறார்கள். இதை அறிந்த பிறகு 'ஆழமான ஃபோகஸ் கொண்ட ஒரே எடுப்பு', அதாவது அருகில் இருப்பதும் தொலைவில் இருப்பதும் ஒருசேரத் தெளிவாகத் தெரியும்படி ஒரே முறையில் எடுத்தது என்று அந்த ஷாட்டைப் பற்றிச் சொல்ல முடியாது. ஆனால் நம் கண் தம்ளரிலிருந்து கதவுக்குப் போவதும், எங்கே பார்ப்பது என்பதை நம்மிடமே விட்டுவிட்டதும் அப்படியே இருக்கின்றன. பாசானின் வாதத்தில் ஒரு கால் உடைந்தது, இன்னொரு கால் நிற்கிறது. செய்முறை பற்றிய அறிவு இவ்வளவு துல்லியமாக வேலை செய்வதைப் பார்க்கும்போது எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

உங்கள் செம்மஞ்சள் ஒளிக்கு வருகிறேன். ஒளிப்பதிவாளர் ஜோர்டன் குரோனன்வெத் கேமராவுக்கு முன்னால் பாதி பிரதிபலிக்கும் கண்ணாடி ஒன்றை 45 பாகைச் சாய்வில் வைத்து, லென்ஸ் பார்க்கும் திசையிலேயே மெல்லிய ஒளியை அனுப்பி அந்த மின்னலை வரவழைத்தார். லென்ஸின் நேர்கோட்டில் கண் வந்தால்தான் அது பிடிபடும். நடிகர் சற்றே திரும்பினால் போய்விடும். அது ஒரு கணம் மட்டும் தோன்றி மறைவதற்கு இதுவே காரணம். அடுத்த முறை பார்க்கும்போது டெக்கார்டின் தலை எந்த அளவு திரும்பும்போது ஒளி அணைகிறது என்று கவனியுங்கள்.

எப்போது கேட்பது என்று கேட்டீர்கள். முதல் முறை பார்க்கும்போது வேண்டவே வேண்டாம். குறைந்தது இரண்டு முறை படத்தை அதன் ஒலியோடு பார்த்து, உங்களுக்குள் ஒரு கருத்து உறுதியான பிறகு கேளுங்கள். ஒன்றுக்கு மேற்பட்ட கமெண்டரி இருந்தால் இயக்குநருடையதைக் கடைசிக்கு வையுங்கள். 'தி லைமி' என்ற 1999ஆம் ஆண்டுப் படத்தின் கமெண்டரியில், தாம் எழுதிய பாத்திரங்களின் பின்னணியெல்லாம் வெட்டப்பட்டுவிட்டதே என்று எழுத்தாளர் லெம் டாப்ஸ் இயக்குநர் ஸ்டீவன் சோடர்பர்கிடமே நேருக்கு நேர் வாதாடுவார். இருவரும் ஒரே படத்தைத்தான் பார்த்துக்கொண்டு பேசுகிறார்கள். அதைக் கேட்டால், எடுத்தவர் பேசிவிட்டார் என்று ஒருமையில் சொல்ல உங்கள் நண்பருக்கு மனம் வராது.

இரவுக்காட்சி எழுதியது:

பெரியவர்கள் விரிவாகப் பேசிவிட்டீர்கள். ரசிகர்கள் தாங்களே பதியும் கமெண்டரிகளைப் பற்றிச் சிறிது சொல்லலாமா? நானும் தோழி ஒருத்தியும் இதுவரை ஒன்பது படங்களுக்குப் பதிந்திருக்கிறோம்.

மௌனப்பட காலத்து ஜப்பானில் 'பென்ஷி' என்று ஒரு கலைஞர் திரைக்கு அருகே நின்று, கதையைச் சொல்லி, பாத்திரங்களுக்குக் குரல் கொடுப்பார். பென்ஷி யார் என்று பார்த்துப் படத்துக்குப் போனவர்கள் இருந்தார்கள். இயக்குநர் அகிரா குரோசவாவின் அண்ணன் ஒரு பென்ஷியாக இருந்தவர். படம் ஓடும்போது அருகில் ஒரு மனிதக் குரல் கூட வருவதில் இருக்கும் இன்பம் அவ்வளவு பழையது. நாங்கள் செய்வதும் அந்த வகைதான் என்று நம்புகிறேன்.

செய்து பார்த்தால்தான் அதன் சிரமம் தெரியும். படத்தை நாம் விநியோகிக்க முடியாது, நம் குரலை மட்டும் கோப்பாகக் கொடுக்கிறோம். கேட்பவர் தம் வட்டோடு சேர்த்து ஓட்டிக்கொள்ள வேண்டும். நிறுவனத்தின் சின்னம் மறைந்து திரை முழுக் கருப்பாகும் நொடியில் 'மூன்று, இரண்டு, ஒன்று, இப்போது' என்று சொல்லி எல்லோரையும் ஒரே கோட்டில் நிறுத்துவோம். அப்படியும் முதல் பதிவில், பத்து நிமிடம் போவதற்குள் எங்கள் பேச்சும் படமும் பிரிந்துவிடுகின்றன என்று சிலர் எழுதினார்கள். காரணம் பிறகுதான் புரிந்தது. திரைப்படம் நொடிக்கு 24 சட்டகம். 'பால்' (PAL) என்ற தொலைக்காட்சி முறைக்கான டிவிடிகளில் அதையே 25 ஆக்கி ஓட்டுகிறார்கள். 100 நிமிடப் படம் அங்கே 96 நிமிடத்தில் முடிந்துவிடும். பத்தாவது நிமிடத்திலேயே 24 நொடி வேறுபாடு வந்துவிடுகிறது. அன்றிலிருந்து ஒவ்வொரு கமெண்டரியையும் இரண்டு வேகங்களில் தருகிறோம்; கால் மணிக்கு ஒரு முறை திரையில் அப்போது தெரிவதைச் சொல்லி, விலகியவர்கள் சேர்ந்துகொள்ள வழி செய்கிறோம்.

மூன்றாம்வரிசை அவர்களுக்கு என் யோசனை ஒன்று. நீங்கள் ஐந்து பேரும் அந்தப் படத்துக்கு ஒரு கமெண்டரி பதியுங்கள். ஒரு காட்சியைப் பற்றிப் பேச உங்களுக்கு அந்தக் காட்சி ஓடும் நேரம்தான் கிடைக்கும். சாட்சி கண்ணெதிரே ஓடிக்கொண்டிருக்கும்போது வெறும் நினைவை வைத்து வாதாட முடியாது. எங்களுக்குள் இருந்த பல சண்டைகள் அப்படித்தான் தீர்ந்தன. சில சண்டைகள் அப்படித்தான் தொடங்கின.

ஒலித்தடம் எழுதியது:

எல்லோருடைய பதிலையும் இரண்டு முறை படித்தேன். நடந்ததும் பொருளும் வேறு என்று உரைவழி அவர்கள் பிரித்ததை ஏற்றுக்கொள்கிறேன். வெட்டுமேசை அவர்களின் குறிப்பேட்டுச் செய்தி என்னை வெகுநேரம் யோசிக்க வைத்தது. ஆனால் ஒரு புள்ளியை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

ஸ்காட் வாயால் சொன்னதோடு நிற்கவில்லை, படத்தையே மாற்றியிருக்கிறார். 1982 வடிவத்தில் டெக்கார்ட் ஒற்றைக்கொம்புக் குதிரையைக் கனவில் காண்பதில்லை. டெக்கார்டோடு வரும் காவலர் காஃப், படம் நெடுகச் சிறு உருவங்களைச் செய்து போடுபவன். கடைசியில் டெக்கார்டின் வாசலில் அவன் போட்டுவிட்டுப் போன காகித ஒற்றைக்கொம்பன் கிடக்கும். காஃப் வந்தான், ரேச்சலைக் கொல்லாமல் விட்டுப் போனான் என்பதற்கு மேல் அதற்குப் பொருள் தேட வேண்டியதில்லை. பின்னணியில் டெக்கார்டின் குரல் கதை சொல்லும். இருவரும் பசுமையான மலைப்பாதையில் வண்டியில் போவதோடு படம் முடியும். 1992 வடிவத்தில் அந்தக் குரல் போய்விட்டது, மலைப்பாதை போய்விட்டது, கனவு வந்துவிட்டது. இப்போது அதே காகித உரு, 'உன் கனவு எனக்குத் தெரியும்' என்று சொல்கிறது. இது கமெண்டரி அல்லவே, திரையில் இருக்கும் சான்று. திரைதான் காட்ட வேண்டும் என்று உரைவழி அவர்கள் கேட்டார்கள். 1992க்குப் பிறகான வடிவங்களில் திரை காட்டுகிறது.

ஆகவே மூன்றாம்வரிசை அவர்களே, நீங்கள் ஐவரும் 11 ஆண்டுகளாக எந்த வடிவத்தை வைத்துப் பேசி வந்தீர்கள்? அதைச் சொன்னால்தான் யார் பக்கம் வலுவானது என்று என்னால் சொல்ல முடியும்.

மூன்றாம்வரிசை எழுதியது:

பதில் எழுதிய ஒவ்வொருவருக்கும் நன்றி. உங்கள் கடிதங்களை அப்படியே நண்பர்களுக்கு அனுப்பினேன். ஒலித்தடம் அவர்களின் கடைசிக் கேள்வி எங்களைத் திகைக்க வைத்தது. விசாரித்துப் பார்த்ததில், நான் முதலில் பார்த்து மனத்தில் பதித்துக்கொண்டது 1982 வடிவம். மறுபக்கத்து மூவரும் முதலில் பார்த்தது 1992 வடிவம். இத்தனை ஆண்டுகளும் ஒரே பெயருள்ள இரண்டு படங்களைப் பற்றி, அது தெரியாமலே வாதாடியிருக்கிறோம்.

நேற்று மீண்டும் கூடி 1982 வடிவத்தைப் பார்த்தோம். கமெண்டரி இல்லை. காகித ஒற்றைக்கொம்பன் வரும் இடத்தில், ரிமோட்டைக் கீழே வைத்து விவாதத்தை முடித்த அதே நண்பர்தான் படத்தை நிறுத்தினார். "கனவு இல்லாத இந்தப் படத்தில், கோழியையும் மனிதனையும் செய்த காஃப், கடைசியாக உலகில் இல்லாத ஒரு விலங்கை ஏன் செய்தான்?" என்று கேட்டார். ரேச்சலும் அப்படி உலகில் இல்லாதவள் என்பதால் என்றேன் நான். அதற்கு அவர் ஒரு மறுப்பு சொன்னார். மற்ற மூவரும் பங்குக்கு வந்தார்கள். நாங்கள் எழுந்தபோது மணி மூன்றாகிவிட்டது.

பின்னர் 2007 வட்டைப் போட்டு, ஒலியை நிறுத்திவிட்டு, அந்த வீட்டுக் காட்சியை மட்டும் ஐந்தாறு முறை ஓட்டினோம். வெட்டுமேசை அவர்கள் சொன்னபடி தலையின் திருப்பத்தைக் கவனித்தோம். ஒளி தோன்றும்போது டெக்கார்டின் முகம் முழுவதும் மங்கலாகவே இருக்கிறது. அந்தச் சட்டகத்தில் தெளிவாக இருப்பது ரேச்சல் மட்டும். அவளைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்ணுக்குத்தான் ஓரத்தில் அது பட்டும் படாமலும் தெரிகிறது. இயக்குநர் வேண்டுமென்றே வைத்திருந்தாலும், அதை நம் கண்ணில் அடித்துச் சொல்ல அவர் விரும்பவில்லை என்றே எனக்குத் தோன்றியது. நான் இன்னும் என் பக்கத்தில்தான் இருக்கிறேன். மறுபக்கத்து மூவரில் ஒருவருக்கு இப்போது ஐயம் வந்திருக்கிறது.

அதே வட்டில் எழுத்தாளர்கள் ஹாம்ப்டன் ஃபாஞ்சரும் டேவிட் பீப்பிள்ஸும் தயாரிப்புத் தரப்பினரோடு பேசும் இன்னொரு கமெண்டரி இருக்கிறது. அதை நாங்கள் இதுவரை தொடவில்லை. வரும் சனிக்கிழமை கேட்கப் போகிறோம். இரவுக்காட்சி அவர்கள் சொன்னதுபோல் பதிவு செய்யவும் ஒருவர் மைக் கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். எந்த வடிவத்துக்குப் பதிவது என்பதில்தான் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.